கணவர் இரத்தத்தை ஊசியாகப் போட்டால் கரு தங்குமா? கர்ப்பமும் எதிர்ப்பு சக்தியும்: கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோட்டிலிருந்து தோவாளை வரை எல்லாப் பக்கமிருந்தும் கேள்வி வந்திருக்கிறது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன். மகப்பேறு மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாத்திரையின் அளவை மட்டும் உங்களைப் பார்க்கும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: டாக்டரக்கா, ரெண்டு தடவை ஏழு, எட்டு வாரத்துல கலைஞ்சு போச்சு. வெளியூர்ல ஒரு சென்டர்ல பார்த்தோம். என் இரத்தத்துல 'என்.கே. செல்' கூடுதல், அதுதான் பிள்ளையைத் தாக்குதுன்னாங்க. அத்தானுக்க இரத்தத்துல இருந்து வெள்ளை அணுவைப் பிரிச்சு எனக்கு ஊசியா போடணுமாம், அப்புறம் கொழுப்பு டிரிப்பும் ஏத்தணுமாம். நகையை வச்சுத்தான் பணம் புரட்டணும். செய்யலாமா?

நகையை எடுத்து உள்ளே வை மக்ளே. மீதியைப் பிறகு பேசலாம்.

பிள்ளையின் உடம்பில் பாதி அப்பாவுடையது. வேறொருவர் சிறுநீரகத்தை வைத்தால் உடம்பு அதைத் தள்ளிவிடும். அப்படியானால் பாதி அந்நியமான பிள்ளையை மட்டும் ஒன்பது மாதம் எப்படி வைத்திருக்கிறது? 1953இல் பீட்டர் மெடவார் கேட்ட கேள்வி இது. உறுப்பு மாற்று ஆராய்ச்சிக்காக 1960இல் நோபல் வாங்கியவர். அம்மாவின் எதிர்ப்பு சக்தி தூங்கிவிடுகிறதோ என்பது அவர் முன்வைத்த காரணங்களில் ஒன்று. அது தூங்குவதில்லை என்பது இப்போது நன்றாகவே தெரியும்.

நஞ்சுக்கொடியின் அணுக்கள் கருப்பைச் சுவருக்குள் இறங்கும்போது, உறுப்பு மாற்றில் பெரும் சண்டையைக் கிளப்பும் எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி அடையாளங்களைக் காட்டுவதே இல்லை. அதற்குப் பதிலாக எச்.எல்.ஏ.-ஜி என்ற அடையாளத்தைக் காட்டுகின்றன. அதைப் பார்க்கும் தாயின் அணுக்கள் அடங்குகின்றன. போதாததற்கு, சண்டையைத் தணிக்கவென்றே இருக்கும் டி செல் என்ற ஒருவகை வெள்ளை அணுக்களும் அந்த நேரத்தில் பெருகுகின்றன.

இனி உன்னைப் பயமுறுத்திய என்.கே., அதாவது 'நேச்சுரல் கில்லர்' செல்லுக்கு வருவோம். முதல் மூன்று மாதத்தில் கருப்பைச் சுவரில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த இனம்தான். அவை பிள்ளையைக் கொல்ல அங்கே நிற்கவில்லை. கருப்பைக்கு வரும் சுருள் இரத்தக் குழாய்களை அகலப்படுத்தி, பிள்ளைக்கு இரத்தம் தாராளமாகக் கிடைக்க உதவுகின்றன. அந்தக் குழாய்கள் சரியாக அகலாவிட்டால்தான் பிற்பாடு பிரஷர் ஏறுவது, பிள்ளை எடை கூடாமல் நிற்பது எல்லாம். பெயரில் 'கில்லர்' என்று இருப்பதால் வந்த வம்பு. இன்னொன்று, கையில் எடுத்த இரத்தத்திலுள்ள என்.கே. செல் வேறு குணம், கருப்பையில் இருப்பது வேறு குணம். தேங்காப்பட்டணத்துக் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று வடசேரி சந்தையில் நின்று எண்ணிச் சொல்வது போன்றதுதான் அந்த டெஸ்ட்.

கணவரின் வெள்ளை அணு ஊசியைப் பல வருடம் உலகமெங்கும் போட்டுப் பார்த்தார்கள். காரணம் தெரியாமல் மூன்று முறையோ அதற்கு மேலோ கலைந்த பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 1999இல் வெளிவந்தது. ஊசி போட்டவர்களில் 36 சதவீதம் பேருக்கும், வெறும் உப்புநீர் போட்டவர்களில் 48 சதவீதம் பேருக்கும் கர்ப்பம் நிலைத்தது. சும்மா இருந்தவர்களே தேவலை! 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஆய்வுக்கு வெளியே இதைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டது. ஐரோப்பிய வழிகாட்டியும் வேண்டாம் என்கிறது. கொழுப்பு டிரிப்புக்கும் நம்பும்படியான ஆதாரம் கிடையாது. இங்கே இன்னும் பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள்.

நீ செய்ய வேண்டியது வேறு. ஆன்டிபாஸ்போலிப்பிட் டெஸ்ட் எடு. எதிர்ப்பு சக்தி உருவாக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தில், இரத்தத்தை உறையவைக்கும் வகை இருக்கிறதா என்று பார்ப்பது. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்று மூன்றும் சேர்ந்தது அது. பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். காய்ச்சல் வந்து போனால்கூடச் சில நாள் பாசிட்டிவ் காட்டும் என்பதால் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டக்கூடாது. அதோடு தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் உள்வடிவத்துக்கு ஒரு ஸ்கேன். முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் பாதியோ அதற்கு மேலோ பிள்ளையின் குரோமோசோம் கோளாறால் கலைபவை. அதில் உன் தப்பும் இல்லை, உன் எதிர்ப்பு சக்தியின் தப்பும் இல்லை. ரெண்டு கலைந்த பிறகும் எந்த ஊசியும் இல்லாமலே அடுத்தது நிலைப்பவர்கள்தான் அதிகம்.

தக்கலையிலிருந்து: சொந்த மாமா மகனைக் கட்டியிருக்கேன். ரெண்டு பேருக்க இரத்தமும் ஒண்ணுபோல இருக்கதுனாலதான் தங்கலைன்னு மைனி சொல்லுதா. உண்மையா?

மைனி சொல்வது பழைய ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொன்னதுதான். கணவன் மனைவிக்கு மேலே சொன்ன எச்.எல்.ஏ. அடையாளங்கள் ஒத்திருந்தால் தாயின் உடம்பு பிள்ளையை அடையாளம் கண்டு காப்பாற்றாது என்று நினைத்தார்கள். மேலே சொன்ன ஊசியே அந்த நினைப்பில் பிறந்ததுதான். ஊசி தோற்றதும் அந்த வாதமும் வலு இழந்தது. சொந்தத்தில் கட்டுவதில் உள்ள நிஜமான கவலை பரம்பரை நோய். இரண்டு பக்கமும் மறைந்திருக்கும் ஒரே குறை பிள்ளையிடம் சேர்ந்து வெளிப்படலாம். குடும்பத்தில் சிறு வயதிலேயே இறந்த பிள்ளைகளோ, காது கேளாத, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளோ இருந்தால் மரபியல் ஆலோசனை கேளுங்கள். ரெண்டு பேருக்கும் ஒரே இரத்த குரூப் என்பதால் ஒன்றும் வராது.

குலசேகரத்திலிருந்து: எனக்கு பி நெகட்டிவ், மாப்பிள்ளைக்கு ஓ பாசிட்டிவ். மூத்தவன் நல்லாப் பொறந்தான். அப்ப ஊசி போட்டாங்களான்னு ஞாபகம் இல்லை. போன வருஷம் மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் கலைச்சேன். இப்ப மறுபடி உண்டாயிருக்கு. பயமா இருக்கு.

நியாயமான பயம்தான். தாயின் எதிர்ப்பு சக்தி பிள்ளையை நிஜமாகவே தாக்கும் நிலைமைகளில் ஒன்று இது. பேறுகாலத்தில் பாசிட்டிவ் பிள்ளையின் இரத்தம் கொஞ்சம் உங்கள் உடம்பில் கலந்தால், அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாகலாம். அது உருவாவதற்குள் முதல் பிள்ளை பிறந்துவிடும் என்பதால் மூத்தவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த பாசிட்டிவ் பிள்ளையின் சிவப்பணுக்களைத்தான் அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் போய் உடைக்கும்.

இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968இலேயே வந்துவிட்டது. 28ஆம் வாரம் ஒன்று, பிறந்த பிள்ளை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கலைந்தாலும், குழாயில் கரு தங்கினாலும், வயிற்றில் அடிபட்டு இரத்தம் போனாலும் இதைக் கேட்க வேண்டும். தொடக்க வாரங்களில் மாத்திரையால் கலைத்தால் தேவையா என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறுபடுகிறது. இங்கே பொதுவாகப் போட்டுவிடுகிறோம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, அந்த ஆன்டிபாடி உங்கள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க உடனே இன்டைரக்ட் கூம்ஸ் டெஸ்ட். நெகட்டிவ் என்றால் நிம்மதியாக இருங்கள், 28ஆம் வாரம் ஊசி போட்டுக்கொள்ளலாம். பாசிட்டிவ் என்றால் ஆன்டி-டி இனி பயன் தராது. பிள்ளைக்கு இரத்தசோகை வருகிறதா என்று டாப்ளர் ஸ்கேனில் தொடர்ந்து பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் வயிற்றுக்குள்ளேயே பிள்ளைக்கு இரத்தம் ஏற்றும் வசதியெல்லாம் இருக்கிறது. பிள்ளை கைவிட்டுப் போனது என்று எண்ண வேண்டாம். ஆனால் மெடிக்கலில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே கலைப்பதை இனி செய்யாதீர்கள். இரத்த குரூப் என்ன என்று மெடிக்கலில் யார் கேட்டார்கள்?

குளச்சலிலிருந்து: மூத்த பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு. எனக்கு ஆறு மாசம். எனக்குச் சின்னதுல வந்ததா இல்லையான்னு எங்க அம்மாவுக்கும் ஞாபகம் இல்லை.

வீட்டில் வேப்பிலை கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். சின்னம்மைக்கான ஆன்டிபாடி உங்களுக்கு இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கலாம். இல்லையென்றால் குறிப்பிட்ட நாட்களுக்குள் தடுப்புப் புரதம் போடும் வழி உண்டு. உடம்பில் ஒரு கொப்புளம் தெரிந்தாலும் 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்குவது நல்லது. கர்ப்பிணிக்குச் சின்னம்மை நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. 'ஆத்தா வந்திருக்கா, மாத்திரை போடக்கூடாது' என்று யாராவது சொன்னால், சொன்னவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மற்ற கர்ப்பிணிகளோடு காத்திருக்கும் இடத்தில் உட்காராமல், முதலிலேயே சொல்லித் தனியாகக் காட்டிக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு லூபஸ், எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குற நோய். கல்யாணம் முடிஞ்சு ஒரு வருஷம் ஆகுது. பிள்ளை பெறலாமா? மாத்திரையை எல்லாம் நிறுத்தச் சொல்லட்டுமா?

பெறலாம். நீங்களாக எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள், அதுதான் முக்கியம். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்கும் நேரம் பார்த்துக் கருத்தரிப்பது நல்லது. ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்பம் முழுக்கத் தொடர வேண்டும், நிறுத்தினால்தான் நோய் கிளம்பும். மைகோபீனோலேட், மெத்தோட்ரெக்ஸேட் இரண்டும் பிள்ளைக்கு ஆகாது. கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டர் அவற்றை மாற்றித் தருவார். ஆன்டி-ரோ ஆன்டிபாடியையும் பார்க்கச் சொல்லுங்கள். அது இருந்தால் நூற்றில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு இதயத் துடிப்பு குறையும் கோளாறு வரலாம் என்பதால் ஸ்கேனில் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருப்போம்.

மூட்டைப் பிடிக்கும் வாதநோய் வேறு மாதிரி. முடக்குவாதம் உள்ள பெண்களில் பலருக்குக் கர்ப்பத்தில் வலி குறைந்துவிடும், பேறுகாலம் கழிந்ததும் திரும்ப வரும். இதைக் கவனித்த பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், உடம்பிலேயே ஏதோ ஒரு பொருள் வலியைக் குறைக்கிறது என்று தேடிப் போனார். அந்தத் தேடல் கார்ட்டிசோனில் போய் நின்றது. 1950இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இன்று நாம் எழுதும் ஸ்டீராய்டு மாத்திரைக்குப் பின்னால் கர்ப்பிணிகளும் இருக்கிறார்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: டி.எஸ்.எச். சரியா இருக்கு. தைராய்டு ஆன்டிபாடி மட்டும் கூடுதல். மாத்திரை வேணுமா?

தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். சரியாக இருக்கும்போது மாத்திரை கொடுத்ததால் பிள்ளைப்பேறு கூடவில்லை என்று 2019இல் வந்த பெரிய பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. ஆனால் கர்ப்பத்தில் உங்களுக்கு டி.எஸ்.எச். ஏற வாய்ப்பு அதிகம். உண்டானதும் எடுத்துப் பாருங்கள், பிறகு சில வாரத்துக்கு ஒருமுறை.

தேங்காப்பட்டணத்துக்காரர், இப்போது குவைத்தில்: விந்து டெஸ்டில் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிறது, ஆன்டிபாடி இருக்கிறது என்கிறார்கள். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. அதனாலா?

ஆண்கள் கேட்ட ஒரே கேள்வி இதுதான், அதற்காகவே நன்றி தம்பி. விந்தணு வயதுக்கு வரும்போதுதான் உருவாகிறது. அதற்கு வெகுகாலம் முன்பே எதிர்ப்பு சக்தி 'நம்முடையது எது' என்று கற்று முடித்துவிடும். அதனால் விந்தணு அதன் கண்ணில் படாதபடி விதையில் ஒரு தடுப்பு இருக்கிறது. அடிபட்டாலோ, விதை முறுக்கிக்கொண்டாலோ, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தாலோ தடுப்பு உடைந்து ஆன்டிபாடி வரலாம். பொன்னுக்கு வீங்கி வயதுக்கு வந்தபின் வந்து விதையும் வீங்கியிருந்தால் விந்தணு குறையலாம். சின்னப் பிள்ளையில் கன்னம் மட்டும் வீங்கியதைக் குற்றம் சொல்ல முடியாது.

முன்பு இதற்கு நிறைய ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இடுப்பு எலும்பே கெட்டுப்போகும் அளவுக்குப் பக்கவிளைவு உண்டு, வேண்டாம். ஆன்டிபாடி கொஞ்சமாக இருந்தால் இயல்பாகவே கருத்தரிக்கலாம். கூடுதலாக இருந்தால் ஒரே விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை ஆன்டிபாடியைத் தாண்டிவிடும். அதற்கு முன் ஒரு சங்கதி: வருடத்தில் ஒரு மாதம் லீவில் வந்து போகிறவர்களுக்குத் தாமதம் ஆவது நோயே இல்லாமலும் நடக்கும்.

கருங்கல்லிலிருந்து: உண்டாயிருக்கும்போது ஊசி எதுவும் வேண்டாம்னு மாமியார் பிடிவாதம்.

மாமியார் காலத்தில் தொப்புள்கொடி வழியே டெட்டனஸ் வந்து இறந்த பிள்ளைகள் ஏராளம். தாய்க்குப் போட்ட ஊசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் சேர்ந்துதான், 2015இல் இந்தியா அதை ஒழித்த நாடுகளில் சேர்ந்தது. அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். உங்கள் ஆன்டிபாடியில் ஐ.ஜி.ஜி. என்ற வகை நஞ்சுக்கொடி தாண்டிப் பிள்ளைக்குப் போகும், பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில். குறைமாதப் பிள்ளைக்கு அது குறைவாகவே கிடைக்கும். உங்கள் கையில் போடும் ஊசி பிள்ளைக்கும் சேர்த்துத்தான். டி.டி. ஊசியை கிராம சுகாதார செவிலியரே போட்டுவிடுவார். ஃப்ளூ ஊசியும் போடலாம். ருபெல்லா, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசி மட்டும் கர்ப்பத்தில் கூடாது, அவற்றைக் கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே முடித்துவிட வேண்டும். பிறந்தபின் சீம்பாலைப் பிழிந்து கொட்டாமல் கொடுங்கள். அதில் ஐ.ஜி.ஏ. என்ற இன்னொரு வகை ஆன்டிபாடி நிறைந்திருக்கிறது.

தோவாளையிலிருந்து: எதிர்ப்பு சக்தி கூட்டும் பவுடர், கஷாயம் எது நல்லது?

எதுவும் வேண்டாம். நல்லமிளகு ரசமும் சாளைக் குழம்பும் போதும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். மாசுபட்ட தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ்-இ மற்றவர்களுக்குத் தானாக ஆறிவிடும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உயிரைக் கொண்டுபோகக்கூடியது. கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் காத்திருக்காமல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

மறுபடி மார்த்தாண்டம், வேறொருவர்: எனக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் ரெண்டு தடவையும் பாசிட்டிவ். ஆஸ்பிரினும் தினம் வயித்துல ஹெப்பாரின் ஊசியும் எழுதியிருக்காங்க. ஊசி மருந்து பிள்ளைக்குப் போகாதா?

போகாது. ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறோம். எதிர்ப்பு சக்தி சம்பந்தமான கருச்சிதைவில், மருந்தால் பலன் கிடைக்கும் என்று நன்றாகத் தெரிந்தது இந்த நோய்க்குத்தான். செலவும் கணவர் இரத்த ஊசி பேக்கேஜ் அளவுக்கு வராது. தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு, தினம் இடம் மாற்றிப் போடுங்கள். சின்னச் சின்ன நீலத் தழும்பு வரும், அது பரவாயில்லை. ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தால் உடனே வாருங்கள். பேறுகாலத்துக்குப் பிறகும் வழக்கமாக ஆறு வாரம் ஊசி தொடரும், ஏனென்றால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து அப்போதுதான் அதிகம். பிரசவ வலி தொடங்கியதுபோல் தெரிந்தால் அன்றைய ஊசியைப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். முதுகில் மயக்க ஊசி போடலாமா என்று மயக்க மருந்து டாக்டர் அதைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்.