ஜட்ஜ் அம்மாவும் அப்பாவின் சந்தேகமும்

கேள்வி: அக்காவின் தாபரிப்பு (ஜீவனாம்ச) வழக்குக்குத் துணையாகப் போயிருந்தேன். நீதவான் ஒரு பெண். அக்கா பயமில்லாமல் பேசினார். வீட்டுக்கு வந்தால் அப்பா, "பொம்பிளை ஜட்ஜ் பொம்பிளைப் பக்கம்தான் எழுதுவா, இது என்ன நீதி?" என்கிறார். பெண் நீதிபதிகள் கூடினால் நீதிமன்றத்தில் சனத்துக்கு நம்பிக்கை கூடுமா, குறையுமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: அப்பாவிடம் ஒன்று கேளுங்கள் தங்கச்சி. இவ்வளவு காலமும் ஆம்பிளை ஜட்ஜ்மார் யார் பக்கம் எழுதினார்களாம்? நமது இலங்கையின் உயர் நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதியரசராகச் சிராணி பண்டாரநாயக்க வந்ததே 1996இல்தான். 2011இல் பிரதம நீதியரசரானார். 2013இல் பாராளுமன்றத்தில் குற்றப் பிரேரணை நிறைவேறி, பதவி பறிபோனது. அன்றைக்கு நம்பிக்கை ஆட்டங்கண்டதற்கு அவர் சேலை கட்டியது காரணமில்லை.

பெண் என்றால் இரங்குவா என்றும் நினைக்க வேண்டாம். நான் வழக்குப் பேசிய காலத்தில், "அடி வாங்கின அன்றைக்கே ஏன் பொலிசுக்குப் போகேல்லை?" என்று என் கட்சிக்காரியை உலுக்கி எடுத்தவர் ஒரு பெண் நீதவான். சாட்சிக் கூட்டில் நா எழாமல் நின்ற பிள்ளைக்காக மன்றிலிருந்த எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தண்ணீர் கொடுக்கச் சொன்னவர் ஓர் ஆண்.

பிறகு எதற்குப் பெண்கள் என்பீர்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன், பாதை என்கிற மிதவைப் படகில் கடந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். முஸ்லிம் பெண், ஆகவே தாபரிப்புக்கு, முஸ்லிம்களின் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிபதியிடம்தான் போக வேண்டும். காதியாக 'முஸ்லிம் ஆண்' ஒருவரை நியமிக்கலாம் என்றே 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அங்கே சட்டத்தரணி முன்னிலையாகவும் இடமில்லை. விவரம் சொல்லி அனுப்பியதோடு என் வேலை முடிந்தது. புருஷனைப் பற்றி என் மேசையடியில் குசுகுசுத்ததில் கால்வாசியைக்கூட அங்கே வாய் திறந்து சொல்லவில்லை என்று பிறகு வந்து அழுதார். அந்தக் காதி நல்ல மனுசன், எனக்குத் தெரியும். ஆனால் காதில் விழாத கதைக்கு அவர் என்னத்தை எழுதுவார்?

உங்கள் அக்கா பயமில்லாமல் பேசினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் பார்க்கிறேன். அடுத்த தவணைக்கு அப்பாவையும் கூட்டிப் போய்ப் பின்வாங்கில் இருத்துங்கள். அத்தானின் சம்பளச் சீட்டில் ஒரு பிரதி கிடைத்தால் அதையும் மறக்காமல் கொண்டு போங்கள்.