வாசகர் கேள்வி: சிமினி வழியாக வந்தவன்

கேள்வி: ஐயா, கிறிஸ்துமஸ் லீவில் பிள்ளைகளோடு 'ஹோம் அலோன்' பார்த்தோம். இதே கதை பிரெஞ்சில் முன்பே வந்துவிட்டது என்கிறான் என் தம்பி. உண்மையா? பிள்ளைகளுக்குக் காட்டலாமா?
– வாசகி, சேன் பியேர், ரெயூனியன்

பதில்: உங்கள் தம்பி சொன்னது சரிதான் அம்மா. ரெனே மான்சோர் 1989-இல் எடுத்த '3615 கோட் பேர் நோயேல்' அது. பேர் நோயேல் என்றால் கிறிஸ்துமஸ் தாத்தா. பிரான்சில் 1990 ஜனவரியில் திரைக்கு வந்தது. நம் தீவில் 'மாமான், ஜெ ராத்தே லாவியோன்' என்ற பிரெஞ்சுப் பெயரில் எல்லோரும் பார்த்த 'ஹோம் அலோன்' அதே ஆண்டு நவம்பரில்தான் அமெரிக்காவில் வெளியானது. இரண்டிலும் கிறிஸ்துமஸ் இரவு, பெரிய வீடு, அம்மா வீட்டில் இல்லை, உள்ளே நுழைகிறவனுக்குப் பொறி வைக்கும் பையன். தன் படத்தையே திரும்ப எடுத்துவிட்டார்கள் என்று மான்சோர் குமுறினார், வழக்குப் போடுவேன் என்றார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது.

3615 என்பது மினிடெல் எண். இணையத்துக்கு முன்பு பிரான்சில் தொலைபேசி வழியாகச் செய்தி அனுப்பவும் தகவல் பார்க்கவும் இருந்த கருவி அது. பாரிஸில் நான் படித்தபோது சித்தப்பா வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் அந்தப் பழுப்புப் பெட்டி இருக்கும். மூடியைத் திறந்தால் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். நிமிஷக் கணக்கில் காசு என்பதால் சித்தி பின்னாலேயே வந்து நிற்பார். படத்தில் வரும் பையன் தோமா அதில் பேர் நோயேலோடு பேசுவதாக நம்புகிறான். மறுமுனையில் இருப்பவன் யாரோ ஒருவன்.

பேர் நோயேலைப் பார்த்துவிட வேண்டும் என்று பையன் ஒளிந்திருக்கிறான். பேர் நோயேல் வேடமிட்ட தாடிக்காரன் சிமினி வழியாக இறங்குகிறான். நாய் அவனிடம் ஓடுகிறது, அதைக் கொன்றுவிடுகிறான். தான் எட்டிப் பார்த்ததால்தான் பேர் நோயேலுக்குக் கோபம் என்று அந்தப் பிள்ளை நினைக்கிறானே, அங்கேதான் எனக்கு நெஞ்சு அடைத்துப்போனது. அப்புறம் இரவெல்லாம் கண் சரியாகத் தெரியாத, சர்க்கரை நோயாளித் தாத்தாவைக் காப்பாற்றப் போராடுகிறான். அமெரிக்கப் படத்தில் திருடன் தலையில் பெயின்ட் டப்பா விழுந்தால் சிரிப்போம். இங்கே சிரிப்பு வராது. பையனாக நடித்தவர் இயக்குநரின் சொந்த மகன்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். என் மகன் ஏழு வயதில் அந்த நாய்க் காட்சியைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டான். வெளியே லிச்சி பழுக்கும் டிசம்பர் வெயில், அவன் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தான். பிள்ளைகள் தூங்கட்டும், நீங்களும் தம்பியும் உட்கார்ந்து பாருங்கள்.