பெண்களைப் பற்றிய சிறுகதைகளைப் படித்தால், நமக்கு ஒவ்வாத கருத்தையும் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் வருமா?

எனக்கு வந்தது. ஆனால் தனியாகப் படித்தபோது இல்லை, வீட்டில் வாய்விட்டு வாசித்துக் காட்டியபோது.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன சமயம், கொஞ்ச நாள் படிக்க வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் மத்தியானம் திண்ணையில் நான் வாசிப்பேன், அம்மாவும் அத்தையும் கேட்பார்கள்.

ஒருநாள் எழுத்தாளர் கு.ப.ரா.வின் (கு.ப. ராஜகோபாலன்) 'விடியுமா?' சிறுகதையை எடுத்தேன். அவரும் கும்பகோணத்துக்காரர்தான், 1902இல் பிறந்து 1944லேயே போய்விட்டார். சென்னை ஆஸ்பத்திரியில் இருக்கும் கணவனுக்கு ஆபத்து என்று தந்தி வருகிறது. மனைவியும் அவள் தம்பியும் ராத்திரி ரயிலேறுகிறார்கள். போய்ச் சேர்ந்தால் அவர் இல்லை. அந்தத் துக்கத்தோடு ஒரு நிம்மதியும் வந்துவிடுகிறது.

கல்லூரியில் இதைப் 'பெண்ணின் விடுதலை' என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். அதே மிதப்பில்தான் வாசித்தேன்.

அம்மாவுக்குக் கோபம். "புருஷன் போனதுல என்னடா நிம்மதி? எழுதினவன் ஆம்பளதானே!"

அத்தை முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கையிலிருந்த கொத்தை உருவி முடித்து, காம்பை ஓரமாகப் போட்டுவிட்டு, "உங்க மாமா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில பதினேழு நாள் கெடந்தார். பதினெட்டாம் நாள்தான் நான் தூங்கினேன்" என்றார். மறுபடி கீரை. முப்பது வருஷமாக ஒரே வீட்டில் புழங்கும் நாத்தனார். அம்மாவுக்கே இது புதுசு.

குறுவை நடவு நேரம். கூலி வாங்க வந்த அக்கா ஒருவர் வாசல்படியில் உட்கார்ந்து பாதிக் கதை கேட்டிருக்கிறார். (மேலே வந்து உட்காருங்க என்று நான் சொன்னதே அன்றைக்குத்தான். அவர் வரவில்லை.) "தந்தி வந்த அன்னிக்கே ரயிலேறிட்டாங்களா? எங்க வூட்டுக்காரர் திருப்பூர்ல கெடந்தப்ப, காசு பொரட்டிக்கிட்டுப் போய்ச் சேர எனக்கு மூணு நாளாச்சு தம்பி."

விடுதலை பற்றி எழுதிய அத்தனை பக்கத்திலும் டிக்கெட் காசு எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆகவே என் யோசனை: நாலு பேர் நடுவில் வாசியுங்கள், முடிந்ததும் விளக்கம் சொல்லாதீர்கள். நான் அன்றைக்கு விளக்க ஆரம்பித்திருந்தால் அத்தை அந்தப் பதினெட்டாம் நாளைச் சொல்லியிருக்கவே மாட்டார். யார் எந்தப் பக்கம் பேசுவார் என்றும் கணக்குப் போட வேண்டாம். நான் போட்டுத் தோற்றேன்.

அடுத்த வாரம் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்', 1943இல் எழுதியது. சீதையைத் தீக்குளிக்க வைத்த சேதி கேட்டு, ராமன் கால் பட்டு எழுந்த அகலிகை மறுபடியும் கல்லாகிப் போகிறாள். அம்மா ராமசாமி கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், பயந்துகொண்டேதான் முடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராமன் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாதுதான்" என்றார்.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "ஊர் வாய மூட அவன் வேற என்ன பண்ணுவான், சொல்லேன் பார்ப்போம்?" விளக்கு வைக்கும் வரைக்கும் ஓயவில்லை இரண்டு பேரும்.