பண்ணைக்குட்டையில் கிடைத்த உருண்டைக் கல் டைனோசர் முட்டைதானா?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் எங்கள் நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டியபோது தேங்காய் அளவில் எட்டு உருண்டைக் கற்கள் கிடைத்தன. ஒருவர் வினிகர் ஊற்றி நுரை வருவதைக் காட்டி, டைனோசர் முட்டையேதான், கார்பன் டெஸ்டுக்கு 5,000 ரூபாய் கட்டினால் லட்சங்களுக்கு விற்றுத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். கார்பன் முறையில் சுமார் 50,000 ஆண்டுகள் வரைதான் வயது கணிக்க முடியும். டைனோசர்கள் அழிந்தே 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வினிகர் நுரையும் சாட்சி அல்ல. முட்டை ஓடும் சுண்ணாம்புச் சத்து, உங்கள் ஊர்ப் பாறையும் அதே சுண்ணாம்பு, இரண்டும் நுரைக்கும். இரிடியம் கலசம், மண்ணுளிப் பாம்பு என்று ஏமாற்றியவர்களின் வழிதான் இதுவும். முதலில் டெஸ்டுக்குப் பணம், அடுத்து வண்டிக்குப் பணம், அப்புறம் போன் எடுக்க மாட்டார்கள்.

உங்கள் பகுதி சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடி. செத்த உயிர் சேற்றில் புதைந்து அழுகும்போது அதைச் சுற்றியுள்ள நீரின் தன்மை மாறி, அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு படிந்து சேற்றை சிமெண்ட் போல இறுக்கும். உள்ளிருந்து நாலாபுறமும் வளர்வதால் உருண்டையாகிறது. 2020-ல் குன்னத்தில் கிளம்பிய ‘முட்டை’ச் செய்தியும் இப்படி உருவான கல் என்றுதான் முடிந்தது. ஏற்கெனவே உடைந்த கல் இருந்தால் நடுவில் பாருங்கள். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்டு, குறுக்கே வரிவரியாக மேடு தட்டியிருந்தால் அது அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓடு. கண்டகி ஆற்றுச் சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரமும் அதுதான். முட்டையென்றால் வெளியே ஓரிரு மில்லிமீட்டரில் தனி ஓடு இருக்கும். பத்து மடங்கு லென்ஸில் மூச்சுத்துளைகள் தெரியும்.

ஒரு விலக்கு உண்டு. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் இருப்பது கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் கொண்டுவந்த மணலும் களியும். அங்கே உண்மையாகவே டைனோசர் எலும்புகள் கிடைத்தன. அதனால் கல்லைவிட அது கிடந்த மண்ணே முக்கியம். சிப்பியும் சங்கும் கலந்திருந்தால் கடல்மண், முட்டையை மறந்துவிடுங்கள். சிப்பியே இல்லாத களி, அதில் கற்கள் ஒரே மட்டத்தில் கூட்டமாகக் கிடந்தன, மேலே ஓடும் இருக்கிறது என்றால், கைவைக்காமல் ஆய்வாளர் வரும்வரை காத்திருங்கள். இந்த மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்.

கல்லமேட்டில் கிடைத்து 1980-களில் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்ட மாபெரும் விலங்கின் எலும்புகள் இன்று இல்லை, நொறுங்கிப் போய்விட்டன. மிஞ்சியவை படங்களும் அளவுகளும்தான். இவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகும் புதைபடிமங்களுக்கான வரைவு மசோதா வர 2022 ஆனது என்பதைப் பொறுக்க முடியவில்லை.

சுத்தியலால் உடைக்காதீர்கள், ஆசிட்டில் கழுவாதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் (27 மி.மீ.) வைத்துப் படம் எடுங்கள். போனில் இடக்குறியீட்டையும், தரையிலிருந்து எத்தனை அடி ஆழம், என்ன நிற மண் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாத கல்லால் ஆய்வாளருக்கு அநேகமாகப் பயனில்லை. வெளியே எடுத்தவற்றைச் செய்தித்தாளில் சுற்றி எண் எழுதி வையுங்கள். ஆட்சியர் அலுவலகத்தின் புவியியல், சுரங்கத் துறையிலோ, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகத்திலோ எழுத்தில் மனு கொடுத்து, ரசீது கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள். இன்னும் மண்ணில் இருப்பவற்றின் மேல் தார்ப்பாய் போட்டு, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே.