குதிகால் தசைநாண் வலிக்கு ஷாக்வேவ் சிகிச்சை பலன் தருமா?

கேள்வி: குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் ஒரு வருடமாக வலி. அறுவை சிகிச்சைக்கு மனம் வரவில்லை. ஷாக்வேவ் சிகிச்சை பலன் தருமா? சென்னையில் எடுத்துக்கொண்டவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பதில்:

எனக்குப் பலன் தந்தது. ஆனால் முதல் முறை, தோல் வழியாக அழுத்த அலைகளைச் செலுத்தும் அந்த இயந்திரத்தை மட்டும் நம்பிப் போனேன். பணம் போனது, வலி அப்படியே இருந்தது. இரண்டாம் முறையும் அதே வகை இயந்திரம்தான். கூடவே தினமும் இரண்டு வேளை படிக்கட்டில் பயிற்சி செய்ய வைத்தார்கள். அப்போதுதான் வலி விட்டது. பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு 49 வயது. மந்தைவெளியில் வீடு, திருவல்லிக்கேணியில் உள்ள ஒரு பள்ளியில் தமிழாசிரியர் வேலை. நாள் முழுக்க சிமெண்ட் தரையில் நிற்க வேண்டும். ஒரு ஜனவரியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. தினமும் நடக்கச் சொன்னார் மருத்துவர். மறுநாளே மெரினாவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஒரு மணி நேரம் நடக்கத் தொடங்கினேன். அதுவரை தெருமுனைக் கடைக்குக்கூட ஸ்கூட்டரில் போனவன் நான். மணலில் அடி வைத்தால் குதிகால் புதைந்து இறங்குகிறது. கெண்டைக்கால் தசையும் அதன் நாணும் சாலையில் நடப்பதைக் காட்டிலும் அதிகமாக இழுபடுகின்றன. இது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழா. மதியத்திலிருந்து இரவு வரை வெறுங்காலோடு மாட வீதிகளில் சுற்றினேன். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் இடது குதிகாலுக்கு மூன்று விரல் மேலே சுரீரென்று பிடித்தது. பத்து நிமிடம் நடந்தால் தளர்ந்துவிடும். அடுத்த நாள் காலை மறுபடியும் அதே சுரீர். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பறக்கும் ரயில் நிலையத்தின் படிகளைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

நான்கு மாதம் வீணானதற்கு ஒரு சொல்லும் காரணம். நம் வீடுகளில் நரம்பு, நார், நாண் எல்லாமே 'நரம்பு'தான். 'குதிகால் நரம்பு பிடித்துக்கொண்டது' என்றுதான் நானும் மருந்துக்கடையில் சொன்னேன். நரம்புக்கு என்று வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். தெருவில் எல்லோரும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். எனக்குக் கெட்டுப்போயிருந்தது மூளையின் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பு இல்லை. தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாண். வில்லின் நாண் என்கிறோமே, அதே சொல். தமிழில் அந்த உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வைத்திருக்க முடியாது: ஒவ்வொரு அடியிலும் இழுபட்டு, விசையைச் சேமித்து, அடுத்த அடிக்கு உந்தித் தருவதுதான் அதன் வேலை. இத்தனை வருடம் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்கே அது உறைக்க நான்கு மாதம் ஆனது. மருத்துவரிடம் போகும்போது நரம்பு என்று சொல்லாமல் வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

ஒரு மருத்துவர் அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடலாம் என்றார். போட்டுக்கொள்ளவில்லை, அந்த முடிவில் இன்றும் எனக்கு நிம்மதி. குதிகால் நாணில் ஸ்டீராய்டு ஏற்றினால் நாண் பலவீனமாகி அறுந்துபோகும் ஆபத்து உண்டு. வேறொரு எலும்பு மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நாண் 9 மில்லிமீட்டர் தடித்திருந்தது. பொதுவாக 5, 6 மில்லிமீட்டர் இருக்கும். நாள்பட்ட நாண் வலியில் பெரும்பாலும் அழற்சி முக்கியப் பங்கு வகிப்பதில்லை என்று அவர்தான் விளக்கினார். கயிற்றின் இழைகள் முறுக்கு விட்டுக் குலைந்தது போல உள்ளே கொலாஜன் என்னும் புரத இழைகள் ஒழுங்கு தவறிக் கிடக்கின்றன. அதனால்தான் அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகள் வலியைச் சில மணி நேரம் மறைத்ததோடு நின்றுவிட்டன.

பிறகு ஷாக்வேவ். இந்தப் பெயரைக் கேட்டதும் என் அம்மா, 'காலில் கரண்ட் வைக்கப் போகிறார்களாமே, வேண்டாமடா' என்று அழுதேவிட்டார். இதில் மின்சாரம் உடம்புக்குள் போவதில்லை. இது ஒலி போன்ற அழுத்த அலை. அதிர்வலை என்பது சரியான பெயர். ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனத்தில், அதிவேக விமானங்களில் மழைத்துளி மோதும்போது எழும் அதிர்வலைகளை ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சி மருத்துவத்துக்குத் திரும்பி, 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை உடம்பைக் கிழிக்காமல் உடைத்தார்கள். நம் ஊரிலும் கல்லை உடைக்க இந்த முறை உண்டு. பின்னர் மிகக் குறைந்த விசையில் எலும்புக்கும் நாணுக்கும் அது வந்தது. அமெரிக்காவில் குதிகால் அடிப்பாத வலிக்கு 2000-ஆம் ஆண்டிலும், டென்னிஸ் எல்போ என்னும் முழங்கை வலிக்கு அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் அனுமதி கிடைத்தது.

முதலில் போன இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பத்து அமர்வுக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டினேன். யாரும் என் ஸ்கேனைக் கேட்கவில்லை. ஒருவர் வந்து காலில் கருவியை வைத்துவிட்டு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே முடித்துவிடுவார். பயிற்சி உண்டா என்று கேட்டதற்கு, 'ஓய்வு எடுங்கள் சார், அது போதும்' என்றார். ஆறாவது அமர்வோடு நின்றுவிட்டேன். மீதிப் பணத்தைத் திருப்பித் தரவில்லை. சொன்னபடியே ஓய்வும் எடுத்ததில் கெண்டைக்கால் மெலிந்துபோனது மட்டும்தான் மிச்சம். என்னைப் போன்ற சம்பளக்காரர்கள் நம்பிக் கொண்டுவந்து கொடுக்கும் பணம் அது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்று மாதம் கழித்து, மார்கழியில், எலும்பு மருத்துவர் அனுப்பிய பிசியோதெரபிஸ்டிடம் போனேன். முப்பது வயதுகூட ஆகாத பெண். முதல் நாள் இயந்திரத்தின் பக்கமே போகவில்லை. ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கச் சொன்னார். வலது காலில் இருபது முறை, இடது காலில் நான்கு. அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேனா என்று கேட்டார். அவை நாணைப் பாதிக்கக்கூடும் என்று 2008-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கை விட்டிருக்கிறது. சர்க்கரை அளவு, கொழுப்பு அளவு, ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மருந்து, எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் குப்புறப் படுக்க வைத்து, நாணை விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்தார். நான் துள்ளிய இடத்தில் நீலப் பேனாவால் ஒரு வட்டம். அதன் மேல் குளிர்ந்த ஜெல். கருவி கைத்துப்பாக்கி வடிவில் இருந்தது; குழாய் பின்னால் ஒரு பெட்டிக்குப் போனது. பெட்டிக்குள் பஞ்சர் கடையில் இருப்பது போன்ற காற்று அழுத்தி. காற்று ஒரு சிறு உலோகக் குண்டைத் தள்ள, அது கருவியின் முனையில் மோத, மோதல் அலையாகத் தோலுக்குள் பரவுகிறது. இதைப் பரவு அலை வகை என்கிறார்கள்; ஆழம் அதிகம் போகாது, குதிகால் நாண் தோலுக்கு அடியிலேயே இருப்பதால் அது போதும். ஒரு புள்ளியில் குவிக்கும் வகை வேறு. ஆழமான இடங்களுக்கு அது தேவைப்படும், கட்டணமும் கூடும். எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

'பத்துக்கு எத்தனை வலிக்கிறது, சார்?'

'எட்டு, மேடம்.'

'அப்படியானால் குறைக்கிறேன். ஐந்து, ஆறு இருந்தால் போதும். தாங்கிக்கொண்டு படுத்திருக்கத் தேவையில்லை.'

நொடிக்குப் பத்துத் தட்டல், மொத்தம் 2,000. மூன்றரை நிமிடம்கூட இல்லை. தட்டத் தட்ட முதல் நிமிடத்தின் கூர்மை மழுங்கி மரத்துப்போனது. மரத்துப்போகும் ஊசி போடவில்லை. நோயாளி சொல்லும் வலியை வைத்துத்தான் இடத்தைத் திருத்திக்கொள்கிறார்கள், ஊசி போட்டால் பலனும் குறைகிறது. வாரம் ஒரு முறை, ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி குறைக்கும் மாத்திரை கூடாது, தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் என்றார். நாணைக் கொஞ்சம் சீண்டிவிட்டு அதன் செல்களை மறுபடி வேலை செய்யத் தூண்டுவதுதான் நோக்கம். அந்தச் சீண்டலை மாத்திரை போட்டு அடக்கிவிடக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம்.

ஆனால் அவர் இயந்திரத்தைவிட அதிக நேரம் செலவழித்தது படிக்கட்டில். ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட்சன் என்ற மருத்துவர் 1998-இல் வெளியிட்ட பயிற்சி அது. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரண்டு காலாலும் எழும்பி, பாரம் முழுவதையும் வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டியபடி மூன்று முறை பதினைந்து, மடக்கியபடி மூன்று முறை பதினைந்து. காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180. பன்னிரண்டு வாரம். எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடிப் படியில் காலை ஐந்தரைக்கு நிற்பேன். பால் பாக்கெட் போடும் தம்பி முதல் வாரம் பயந்து, பிறகு எண்ணிக்கை கேட்டுவிட்டுப் போவார். வலி குறைந்ததும் பாரம் ஏற்ற வேண்டும் என்றார் பிசியோதெரபிஸ்ட். மகனின் பழைய புத்தகப் பையில் ஐந்து கிலோ பொன்னி அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டேன். மார்ச் மாதம் அது பத்து கிலோ ஆனது. பயிற்சியின்போது பத்துக்கு ஐந்து வரை வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இந்த ஒரு கணக்கு எனக்குத் தந்த தைரியம் பெரியது. அதற்கு முன்னால் வலித்தாலே ஏதோ அறுந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடுவேன்.

மூன்றாவது வாரம் வரை ஒரு மாற்றமும் இல்லை. ஏழாவது வாரத்தில் ஒரு நாள், பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் கட்டிலிலிருந்து வலிக்காமல் நடந்து வந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வாரம் முடிந்து எடுத்த ஸ்கேனில் நாண் 8 மில்லிமீட்டர். படத்தில் பெரிய மாற்றம் இல்லை, காலில் இருந்தது. இடது காலில் பதினெட்டு முறை தூக்கினேன்.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. 2009-இல் ஜெர்மன் மருத்துவர் ரோம்பே குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நாணின் நடுப்பகுதியில் வலி உள்ள 68 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களில் நான்கு மாதத்தில் 56 சதவீதம் பேர் நன்கு தேறினார்கள். பயிற்சியோடு அதிர்வலையும் பெற்றவர்களில் 82 சதவீதம். அதே சமயம் சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-இல் எல்லா ஆய்வுகளையும் பார்த்துவிட்டு, பெரிய ஆபத்து இல்லை, ஆனால் பலன் குறித்த சான்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று எழுதியது. பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பிடமிருந்து முழங்கைக்கும் தோள்பட்டைக்கும் வந்த தொகுப்பாய்வுகள் இன்னும் ஏமாற்றமானவை. அதனால் எல்லா வலிக்கும் இதுவே மருந்து என்று விளம்பரம் செய்யும் இடத்தில் ஏறாதீர்கள்.

உங்கள் வலி குதிகால் எலும்போடு நாண் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கும் பயிற்சி கூடாது. சமதரையோடு நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்கள், அந்த இடத்தில் கட்டியோ கிருமித்தொற்றோ உள்ளவர்கள், வளரும் பிள்ளைகள், சில வாரங்களுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் அதிர்வலை எடுக்கக் கூடாது. பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலப் 'பட்' என்று கேட்டு நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால், அது நாண் அறுந்ததற்கான அடையாளம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எனக்கு ஒரு அமர்வுக்கு 1,500 ரூபாய், ஐந்துக்கு 7,500. மொத்தமாகக் கட்டச் சொல்லவில்லை, ஒவ்வொரு முறையும் வந்த அன்று வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பணம் இப்போது உங்களிடம் இல்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் படிக்கட்டுப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்யுங்கள். அதன் பிறகும் காலையில் முதல் அடி சுரீரென்றால், ஸ்கேனைக் கையில் எடுத்துக்கொண்டு அதிர்வலைக்குப் போங்கள்.