கன்ஃபியூஸ்டு, பஸில்டு, பேஃபிள்டு, பிவில்டர்டு: எல்லாம் ஒரே குழப்பமா?

ஆங்கிலத்தின் இந்த நான்கு சொற்களுக்கும் அகராதி 'குழம்பிய' என்றே போடுகிறதே, என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

'கன்ஃபியூஸ்டு' பொதுச்சொல். ஒன்றாகக் கொட்டிக் கலப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. இரட்டையரில் அண்ணனைத் தம்பி என்று கூப்பிடுகிறோமே, அந்தக் குழப்பம்.

'பஸில்டு' என்றால் மனம் இன்னும் விடை தேடுகிறது. பூட்டிவிட்டுப் போன வீட்டில் மின்விசிறி ஓடுகிறது. நெற்றியைச் சுருக்கி யோசிக்கிறீர்கள். எல்லாம் யோசித்துப் பார்த்தும் பிடிபடாமல் கையை விரித்தால், சரி, 'பேஃபிள்டு'.

எனக்குப் பிடித்தது 'பிவில்டர்டு'. அதற்குள் காடு ஒளிந்திருக்கிறது. காட்டுவெளியைக் குறிக்கும் 'வில்டர்னஸ்' அதன் உறவுக்காரன். வழிதவறித் திக்குத் தெரியாமல் நிற்பதுதான் பழைய பொருள். நாமும் 'கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி' என்றுதானே சொல்கிறோம்? அதேதான்.