சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் ஈப்போ: மின்சாரக் கார் கட்டுப்படியாகுமா?

ஈப்போ போய்வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர், பழைய மைவி பெட்ரோல் காரை மாற்ற வேண்டும், மின்சாரக் காரா, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட்டா, பெட்ரோலா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சுங்கை சிப்புட்தான், ஓடுவதும் அதே சாலையில்தான். நம் ஆட்கள் பலர் எண்ணெய்க் காசை மட்டும் பார்க்கிறார்கள். மாதத் தவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மைவி மாதிரி கார் 100 கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர் குடிக்கும் என்று வைப்போம். 2025 செப்டம்பர் கடைசியில் வந்த புடி95 என்ற அரசாங்கப் பெட்ரோல் சலுகையில் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. ஆக 13 வெள்ளி. மின்சாரக் காருக்கு அதே தூரத்துக்குப் பதினைந்து யூனிட் போகும். வீட்டு மின்சாரம் யூனிட் சுமார் 45 காசு, அதாவது 7 வெள்ளி. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 90 வெள்ளிதான். ஒன்பது வருடக் கடன் அடைந்து முடியும்போதுகூட அது பத்தாயிரத்தைத் தொடாது.

அதனால் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து புரோட்டான் இ.மாஸ் 7 அளவிலான மின்சாரக் கார் வாங்கினால் உங்களுக்குக் கட்டாது. எஞ்சின் ஆயில் செலவு இல்லை என்பதைச் சேர்த்தாலும் கட்டாது. ஆனால் 2025 கடைசியில் வந்த இ.மாஸ் 5 போன்ற சின்ன கார்களில் மைவியோடு உள்ள விலை வித்தியாசம் நன்றாகக் குறைந்துவிட்டது. அங்கே கணக்கு நிற்கிறது.

அதுவும் வீட்டிலேயே சார்ஜ் போட முடிந்தால்தான். வெளியே வேகச் சார்ஜரில் யூனிட் ஒரு வெள்ளிக்கு மேல். அப்புறம் பெட்ரோலே மலிவு. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) கார் நிறுத்தும் போர்ச் உள்ள சொந்த வீடு என்றால் கோலாலம்பூர் அடுக்குமாடிக்காரரைவிட உங்கள் நிலை எவ்வளவோ மேல். உங்கள் தினசரி ஓட்டத்துக்குப் பெரிய சார்ஜர்கூடத் தேவையில்லை. சாதாரண மூன்று முள் பிளக்கில் மணிக்கு இரண்டு யூனிட் ஏறும். இரவு ஐந்து மணி நேரம் போதும். தோட்டத்து லயன் வீட்டில் இருந்தால் மட்டும் தயவுசெய்து வேண்டாம். அந்தக் காலத்து வயரிங்கில் மணிக்கணக்காக இழுத்தால் பிளக் சூடாகி உருகும். எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு இழுப்பது அதைவிட ஆபத்து.

ஹைப்ரிட் நெரிசலில்தான் காசு மிச்சம் பிடிக்கும். நம் சாலையில் ஒரே வேகத்தில் போகிறோம், அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

இன்னும் ஒன்று கேளுங்கள்: பேட்டரி உத்தரவாதம் பொதுவாக எட்டு வருடம், கடனோ ஒன்பது வருடம். கடைசி வருடம் யார் பொறுப்பு என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். மைவியைப் பழைய காராக விற்பது சுலபம், மின்சாரக் காருக்கு நம் ஊரில் இன்னும் அந்தச் சந்தை உருவாகவில்லை. எனவே நான்கைந்து வருடத்தில் மாற்றுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் பெட்ரோலிலேயே இருங்கள்.